முதல் நாள் இன்டக்‌ஷனில் ஃபயர் எக்ஸிட் காட்டுவது ஏன்? பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்ணின் கதை

புது வேலையில் முதல் நாள். ஐடி கார்டுக்கு போட்டோ எடுத்தாச்சு, லேப்டாப் இன்னும் வரவில்லை. ஹெச்.ஆர். எல்லோரையும் ஒரு மீட்டிங் ரூமில் உட்கார வைத்து ஸ்லைடு ஓட்டுகிறார். லீவ் பாலிசி, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எல்லாம் முடிந்தபிறகு மாடியின் வரைபடம் ஒன்று வரும். இங்கே ஃபயர் எக்ஸிட், அங்கே தீயணைப்பான், அலாரம் அடித்தால் லிஃப்ட் எடுக்காதீங்க, கீழே அசெம்பிளி பாயின்ட்டில் போய் நில்லுங்க. நம்மில் பாதிப் பேர் அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த ஸ்லைடு எந்தக் கம்பெனியும் தானாக மனம் இரங்கிக் கொடுத்த சலுகை இல்லை. புதிதாக வரும் தொழிலாளிக்கு ஆபத்து எங்கே இருக்கிறது, எப்படித் தப்பிக்க வேண்டும் என்று சொல்வது முதலாளியின் கடமை என்ற எண்ணமே ஒரு காலத்தில் கிடையாது. அமெரிக்காவில் அந்த எண்ணம் சட்டமாக மாறிய கதையில் திரும்பத் திரும்ப வரும் பெயர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் இவர்தான். பொது அறிவுக் கேள்வித்தாளில் இவரைப் பற்றி அந்த ஒரு வரிதான் வரும். ஆனால் அவர் அமைச்சரானது 1933ல். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை அவர் பார்த்த காட்சியில்தான் விஷயமே இருக்கிறது.

சேர்ந்தாலே சம்மதம்

முதலில் அந்தக் காலத்துச் சட்டம் எப்படி இருந்தது என்று பார்த்துவிடுவோம். இது புரியாமல் பெர்கின்ஸ் என்ன செய்தார் என்பது புரியாது.

1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒருவர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தால், அந்த வேலையில் உள்ள ஆபத்துகளை எல்லாம் தெரிந்தே ஏற்றுக்கொண்டார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கை போனால், உயிர் போனால், வழக்குப் போடலாம். ஆனால் முதலாளி தரப்பு வக்கீலிடம் தயாராக மூன்று பதில்கள் இருக்கும். ஆபத்து தெரிந்துதானே சேர்ந்தார் என்பது ஒன்று. விபத்தில் அவருடைய கவனக்குறைவும் உண்டு என்பது இன்னொன்று. கூட வேலை செய்தவர் செய்த தப்புக்கு முதலாளி என்ன செய்வார் என்பது மூன்றாவது. இதில் ஒன்று செல்லுபடியானால்கூட நஷ்டஈடு கிடையாது.

இன்றைக்கு இன்டக்‌ஷன் முடிந்ததும் நம்மிடம் கையெழுத்து வாங்குகிறார்கள் இல்லையா, அப்போது அந்தக் கையெழுத்துகூடத் தேவையில்லை. வேலைக்கு வந்து உட்கார்ந்தாலே போதும், சம்மதம் கொடுத்த மாதிரி.

விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் அஜாக்கிரதை என்பதுதான் அன்றைய பொதுப் புத்தி. பிட்ஸ்பர்க் நகரம் இருக்கும் அலெகெனி கவுன்டியில் மட்டும் 1906 ஜூலை முதல் ஓராண்டில் வேலை இடத்தில் இறந்தவர்கள் 526 பேர். கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற வழக்கறிஞர் அந்த மரணங்களைத் தனித்தனியாக எடுத்து விசாரித்து, 1910ல் புத்தகமாகவே போட்டார். எல்லாப் பழியையும் செத்தவர் தலையில் போட முடியாது என்று அதில் ஆதாரத்தோடு காட்டினார். அதன் பிறகும் சட்டம் அசையவில்லை. நியூயார்க் மாநிலம் துணிந்து ஒரு விபத்து இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அது அரசியலமைப்புக்கு எதிரானது, முதலாளியின் சொத்தைப் பறிக்கிறது என்று சொல்லி மாநில உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பு வந்த நாள் 1911 மார்ச் 24, வெள்ளிக்கிழமை.

அடுத்த நாள்தான் டிரையாங்கிள் தீ விபத்து.

இயற்பியல் படித்த பெண்

பெர்கின்ஸ் பிறந்தது 1880 ஏப்ரல் 10, பாஸ்டன் நகரில். வளர்ந்தது வூஸ்டரில். அப்பா ஸ்டேஷனரி கடை வைத்திருந்தார். வசதிக்குக் குறைவில்லாத, கட்டுப்பாடான குடும்பம். வீட்டில் வைத்த பெயர் ஃபேனி. பிரான்சிஸ் என்பது அவரே பின்னால் வைத்துக்கொண்டது. மவுன்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் இயற்பியலை முக்கியப் பாடமாக எடுத்து 1902ல் பட்டம் வாங்கினார். அங்கே பொருளாதார வரலாறு எடுத்த பேராசிரியை, மாணவிகளைப் பக்கத்து ஊர் ஆலைகளுக்கு நேரில் போய்ப் பார்த்து எழுதச் சொன்னார். ஏழைகள் ஏழையாக இருப்பது குடியாலோ சோம்பலாலோதான் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பெண், ஒழுங்காக வேலைக்குப் போகும் ஆள் ஒரு விபத்தில் கையை இழந்தால் மொத்தக் குடும்பமும் தெருவுக்கு வந்துவிடும் என்பதை அங்கேதான் கண்டார்.

பிறகு சிகாகோ பக்கம் டீச்சர் வேலை. வார இறுதிகளில் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை மையம். அங்கிருந்து பிலடெல்பியா. வேலை வாங்கித் தருகிறோம் என்று ஊருக்குப் புதிதாக வரும் பெண்களை ஏமாற்றிய போலி ஏஜென்ட்களைத் துப்பறிவது அங்கே அவருக்குக் கிடைத்த வேலை. 1910ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, நியூயார்க் நுகர்வோர் சங்கத்தின் செயலாளரானார். பேஸ்மென்ட்டில் இயங்கிய பேக்கரிகளுக்குள் இறங்கிப் பார்ப்பது, பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணி நேரமாகக் குறைக்கச் சொல்லி ஆல்பனி சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ.க்கள் பின்னால் நடப்பது, இதெல்லாம் அன்றாடம். வாரத்துக்கு 54 என்பதே அப்போது பெரிய கோரிக்கை!

1911 மார்ச் 25

வாஷிங்டன் சதுக்கத்தில் தோழி ஒருவர் வீட்டில் பெர்கின்ஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டிகளின் சத்தம் கேட்டது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சதுக்கத்தைக் கடந்து ஓடினார். ஆஷ் கட்டிடத்தின் எட்டு, ஒன்பது, பத்தாவது மாடிகளில் இருந்தது டிரையாங்கிள் கம்பெனி. பெண்கள் போடும் பிளவுஸ் மாதிரியான மேல்சட்டை தைக்கும் இடம். அவர் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் ஜன்னலில் இருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள்.

மாலை 4.40 வாக்கில் எட்டாவது மாடியில், கட்டிங் மேஜைக்கு அடியில் குவிந்திருந்த துண்டுத்துணியில் தீ பிடித்தது. யாரோ போட்ட சிகரெட்டோ தீக்குச்சியோ காரணமாக இருக்கலாம். எட்டாவது மாடியில் இருந்தவர்கள் பத்தாவது மாடிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். முதலாளிகள் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். மொட்டைமாடி வழியாகப் பக்கத்துக் கட்டிடத்துக்குத் தப்பினார்கள். நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவே இல்லை. தீ வந்தபிறகுதான் அவர்களுக்குத் தீ என்றே தெரிந்தது.

அங்கே இரண்டு படிக்கட்டுகள். ஒரு பக்கம் தீ மறித்துவிட்டது. இன்னொரு பக்கம், வாஷிங்டன் பிளேஸ் பக்கக் கதவு, பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும்போது எல்லோரும் ஒரே வழியாகப் போனால்தான் பையைத் திறந்து பார்த்து, யாரும் துணி திருடவில்லை என்று உறுதி செய்ய முடியும். அதற்காகப் பூட்டு. வெளியே தொங்கிய இரும்பு ஏணிப் படிக்கட்டு, ஏறிய பெண்களின் பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. லிஃப்ட் ஓட்டிய இரண்டு பேர் முடிந்தவரை மேலும் கீழும் போய் வந்து பலரைக் காப்பாற்றினார்கள். தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. விரித்த வலைகள் குதித்தவர்களின் வேகத்தில் கிழிந்துபோயின. சுமார் 18 நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. இறந்தவர்கள் 146 பேர். அதில் 123 பேர் பெண்கள். பெரும்பாலும் இத்தாலியில் இருந்தும் கிழக்கு ஐரோப்பாவில் இருந்தும் பிழைக்க வந்த இளம்பெண்கள். 14 வயதுக் குழந்தைகளும் உண்டு.

இதில் கசப்பான விஷயம் ஒன்று. அது தீப்பிடிக்காத கட்டிடம் என்று பெயர் வாங்கியது. பொய் இல்லை, கட்டிடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் நிற்கிறது. எரிந்தது உள்ளே இருந்த துணியும் மரமும் மனிதர்களும்.

அங்கே ஒரு ஃபயர் டிரில் கூட நடந்ததில்லை. இத்தனைக்கும் 1909லேயே இன்ஷூரன்ஸ் சார்பில் பார்வையிட்ட நிபுணர் ஒருவர், இவ்வளவு நெரிசலில் டிரில் பழக்காவிட்டால் ஆபத்து என்று சொல்லியிருந்தார். டிரில் நடத்தித் தரும் இன்ஜினீயர் ஒருவர் கம்பெனிக்குக் கடிதமும் எழுதினார். பதில் இல்லை.

முதலாளிகள் மேக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவர் மீதும் வழக்கு நடந்தது. கதவு அந்த நேரத்தில் பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியவில்லை எனக் கூறி, டிசம்பரில் ஜூரி விடுதலை செய்தது. 1914ல் நஷ்டஈடு செட்டில் ஆனது: ஓர் உயிருக்கு 75 டாலர். இதற்கு நடுவில் 1913ல் பிளாங்க் தன்னுடைய இன்னொரு தொழிற்சாலையில் மறுபடியும் கதவைப் பூட்டி வைத்து மாட்டினார். அபராதம் 20 டாலர். ஆமாம், இருபதுதான்.

அரசியல்வாதிகளைத் தவழ வைத்தவர்

தீ விபத்துக்குப் பிறகு நகரப் பிரமுகர்கள் சேர்ந்து ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். அதன் செயலாளராக யாரைப் போடலாம் என்று கேட்டபோது, முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பெர்கின்ஸ் பெயரைச் சொன்னார். மாநில அரசும் தொழிற்சாலை விசாரணை கமிஷன் ஒன்றை அமைத்தது. தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் ஆல் ஸ்மித். இரண்டு பேருமே டாமனி ஹால் என்ற கட்சி மெஷினில் வளர்ந்த தேர்ந்த அரசியல்வாதிகள்.

வழக்கமாகக் கமிஷன் என்றால் ஒரு ஹாலில் உட்கார்ந்து மனு வாங்குவார்கள். பெர்கின்ஸுக்கு அது பிடிக்கவில்லை. நேரில் பாருங்கள் என்று அவர்களைக் கிளப்பிக்கொண்டு போனார். கயிறு ஆலை ஒன்றில் பெண்கள் பத்து மணி நேர நைட் ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் தள்ளாடி வெளியே வருவதை ஸ்மித் நேரில் பார்க்க வைத்தார். காய்கறி டின் அடைக்கும் ஆலைகளில் ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் பட்டாணி உரிப்பதை அதிகாலையில் போய்க் காட்டினார். ஓர் ஆலையில் தீ விபத்து வழி என்று எழுதியிருந்த சுவரின் சின்ன ஓட்டைக்குள் வாக்னரைத் தவழ்ந்து போகச் சொன்னார். அந்தப் பக்கம் பனி உறைந்த ஏணி ஒன்று தொங்கியது. அதுவும் தரையில் இருந்து 12 அடி உயரத்திலேயே முடிந்துவிட்டது. அப்புறம் எந்த முதலாளி வந்து எங்களிடம் எமர்ஜென்சி வழி இருக்கிறதே என்று சாட்சி சொன்னாலும் வாக்னர் நம்பியிருப்பாரா?

முதல் ஆண்டிலேயே 1,836 தொழிற்கூடங்களைக் கமிஷன் பார்த்தது, 222 சாட்சிகளை விசாரித்தது. அதன் பரிந்துரைகளால் அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது. தொழிற்சாலைக்குள் புகை பிடிக்கக் கூடாது. அந்த எச்சரிக்கையை இங்கிலீஷில் மட்டும் ஒட்டினால் போதாது, தேவைப்படும் மற்ற மொழிகளிலும் ஒட்ட வேண்டும். உயரமான கட்டிடங்களில் தானியங்கி ஸ்பிரிங்க்ளர் வேண்டும். 25 பேருக்கு மேல் மாடியில் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் ஃபயர் டிரில் கட்டாயம்.

இந்த டிரில் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பழக்கினால் மட்டும் போதுமா?

அதே காலகட்டத்தில் பெரிய கம்பெனிகளும் பாதுகாப்பு பற்றிப் பேச ஆரம்பித்திருந்தன. போஸ்டர், கூட்டம், எச்சரிக்கைப் பலகை. அதில் நல்லதும் இருந்தது. ஆனால் அந்தப் பிரசாரத்தின் அடிநாதம் பல இடங்களில் பழைய பாட்டுதான்: நீ கவனமாக இரு. கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்ற கேள்வி அந்தப் போஸ்டர்களில் வராது.

பெர்கின்ஸ் தீ பாதுகாப்பு இன்ஜினீயர்களிடம் உட்கார்ந்து பாடம் கற்றவர். இயற்பியல் படித்தவர் என்பதால் கணக்கு அவருக்குப் பிடிபட்டது. ஒரு படிக்கட்டின் அகலம் இவ்வளவு என்றால் அதில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் இறங்க முடியும். அதற்கு மேல் ஆட்களை மாடியில் வைத்துக்கொண்டு எத்தனை டிரில் நடத்தினாலும் பாதிப் பேர் வெளியே வர மாட்டார்கள். அதனால்தான் படிக்கட்டின் அகலத்தை வைத்து ஒவ்வொரு மாடியிலும் எத்தனை பேரை வேலைக்கு வைக்கலாம் என்று வரம்பு கட்டும் விதி சட்டத்துக்குள் வந்தது. முதலாளிகளுக்கு டிரில்லைவிட இதுதான் எரிச்சல். டிரில்லுக்கு அரை மணி நேரம்தான் போகும். ஆள் எண்ணிக்கையில் கை வைத்தால் லாபமே போகும்.

கமிஷன் வேலை முடிவதற்குள்ளேயே இந்தக் கணக்குக்கு ஒரு கொடூரமான உதாரணம் கிடைத்தது. 1913 ஜூலை 22, அதே நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் ஒரு ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. இறந்தவர்கள் முப்பதுக்கும் மேல். அங்கே டிரில் நடத்திப் பழக்கியிருந்தார்கள். அலாரமும் அடித்தது. ஆனால் இதுவும் வழக்கமான டிரில்தான் என்று நினைத்து நிறைய பேர் மெதுவாக எழுந்தார்கள், சிலர் பொருட்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று திரும்பினார்கள். மூடப்படாத படிக்கட்டு புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுத்துவிட்டது. பழக்கம் இருந்தும் நேரம் கிடைக்கவில்லை.

டிரில்லே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. டிரையாங்கிளில் ஒன்பதாவது மாடிக்குத் தகவல் சொல்லும் ஏற்பாடும், ஒரே ஒரு முறை நடத்திய ஒத்திகையும் இருந்திருந்தால் எத்தனையோ பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், இனி அவர் பாடு என்று முதலாளி கை கழுவ முடியாது. சொல்லிக்கொடுப்பதும் வேண்டும், சொன்ன வழி திறந்திருக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டதுதான் அந்தச் சட்டங்களின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமரசமும் கருப்பு உடையும்

பெர்கின்ஸை ஒரு புனிதராக வரைந்துவிட வேண்டாம். அவர் பேரம் பேசத் தெரிந்தவர். 54 மணி நேர மசோதா 1912ல் கடைசிக் கட்டத்தில் இழுபறியானபோது, டின் அடைக்கும் ஆலைகளுக்கு விலக்கு கொடுத்தால்தான் நிறைவேறும் என்ற நிலை வந்தது. குழந்தைகள் பட்டாணி உரிப்பதை நேரில் பார்த்த அதே ஆலைகள்தான். விலக்கை ஒப்புக்கொண்டு மசோதாவை வாங்கிக்கொண்டார். முழுசாகக் கிடைக்கும் வரை காத்திருந்தால் மற்ற பெண்களுக்கும் ஒன்றும் கிடைக்காது என்பது அவர் கணக்கு. சக போராளிகளில் சிலருக்குக் கோபம். பாதி ரொட்டியா பட்டினியா என்ற அந்தப் பழைய சண்டைக்கு இன்றைக்கும் எந்தத் தொழிற்சங்கக் கூட்டத்திலும் முடிவு இல்லை.

ஆல்பனியில் ஆண்கள் கூட்டத்தில் வேலை செய்யும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். தங்கள் அம்மாவை நினைவுபடுத்தும் பெண்களிடம் இந்த அரசியல்வாதிகள் கொஞ்சம் மரியாதையாக, மனம் திறந்து பேசுகிறார்கள். முப்பது வயதை ஒட்டிய அந்தப் பெண் அன்றிலிருந்து கருப்பு உடை, முத்துமாலை, முக்கோணத் தொப்பி என்று மாறிவிட்டார். ஆண் மனசு எப்படி வேலை செய்கிறது என்பது பற்றிக் குறிப்புகள் எழுதி ஒரு சிவப்புக் கவரில் சேர்த்து வைத்தார். படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. ஒரு சட்டத்துக்காக அவர் தன்னையே எவ்வளவு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்று யோசித்தால் சிரிப்பு வராது.

1913ல் பால் வில்சனைத் திருமணம் செய்துகொண்டார். பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 1916ல் மகள் சூசன்னா பிறந்தார். சில ஆண்டுகளில் கணவருக்கு மனநோய் வந்தது. அதன்பின் குடும்பத்தின் வருமானம் இவர் ஒருவர் சம்பளம்தான். இதைப் பற்றி அவர் வெளியே பேசியதே கிடையாது.

கமிஷனில் ஒன்றாகச் சுற்றிய ஆல் ஸ்மித் 1919ல் கவர்னரானதும், மாநிலத் தொழில் ஆணையத்தில் பெர்கின்ஸைப் போட்டார். ஆண்டுச் சம்பளம் 8,000 டாலர். தொழிலதிபர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த கவர்னர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1929ல் மாநிலத்தின் தொழிலாளர் துறையையே அவர் கையில் கொடுத்தார். ரூஸ்வெல்ட் அதிபரானதும் 1933 மார்ச்சில் பெர்கின்ஸ் நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சர்.

பதவியை ஏற்பதற்கு முன் அவர் ஒரு பட்டியலோடு போய் ரூஸ்வெல்ட்டைப் பார்த்தார். இதையெல்லாம் செய்ய விடுவீர்களா என்று கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு, வேலையில்லாக் காலத்துக்கான காப்பீடு, முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு. 1935ன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938ன் நியாயமான தொழிலாளர் தரச் சட்டமும் அந்தப் பட்டியலில் இருந்து வந்தவை. நடக்காமல் போனது மருத்துவக் காப்பீடு. சம்பளம் பேசும்போதே நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அமெரிக்க அதிபரிடம் இவர் இப்படிப் பேசியிருக்கிறார்.

மூச்சில் போன தூசி

அமைச்சராக அவர் செய்ததில் பெரிதாகப் பேசப்படுவது ஓய்வூதியமும் குறைந்தபட்சக் கூலியும்தான். நம் விஷயத்துக்கு முக்கியமானது 1934ல் அவர் தொடங்கிய தொழிலாளர் தர நிர்ணயப் பிரிவு. யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆனால் மாநிலங்களின் தொழிற்சாலை ஆய்வாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, எந்த வேலையில் என்ன ஆபத்து என்று கையேடுகள் போட்டது. தொழில் சார்ந்த நோய்களை ஆராய்ந்த முன்னோடி டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அதற்கு ஆலோசகராக வந்தார்.

அந்த நேரத்தில் அமெரிக்காவை உலுக்கியது ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கம். மேற்கு வர்ஜீனியாவில் மலையைக் குடைந்து நீர்மின் திட்டத்துக்காக 1930ல் தொடங்கிய வேலை. பொருளாதார மந்தத்தில் வேலை தேடி வந்தவர்கள், பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள், உள்ளே இறக்கப்பட்டார்கள். பாறையில் சிலிக்கா அதிகம். தண்ணீர் அடித்துத் துளை போட்டால் தூசி அடங்கும், ஆனால் வேலை மெதுவாகும். அதனால் உலர்வாகவே துளைத்தார்கள். முகமூடி கொடுக்கவில்லை. அந்தத் தூசி நுரையீரலில் போய்ப் படிந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவும் இல்லை. பலர் அங்கே வேலை செய்ததே சில மாதங்கள்தான். அதற்குள் சிலிக்கோசிஸ் பிடித்துவிட்டது. நாடாளுமன்றக் குழு கணக்கிட்ட மரணங்கள் 476. உண்மை எண்ணிக்கை இதைவிடப் பல நூறு அதிகம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள்.

தீ என்றால் கண்ணுக்குத் தெரியும். தூசி தெரியாது. யாராவது சொன்னால்தான் உண்டு. பெர்கின்ஸ் 1936ல் சிலிக்கோசிஸ் பற்றித் தேசிய மாநாடு கூட்டினார். 1938ல் அவருடைய துறை தொழிலாளிகளுக்கும் முதலாளிகளுக்கும் காட்ட ஒரு குறும்படம் எடுத்தது. தூசி எப்படி வருகிறது, தண்ணீராலும் உறிஞ்சும் கருவியாலும் அதை எப்படி அடக்கலாம் என்று காட்டும் படம். அதில் பெர்கின்ஸே கேமரா முன் தோன்றிப் பேசுகிறார். இன்டக்‌ஷனில் நம்மைப் பார்க்க வைக்கும் சேஃப்டி வீடியோவுக்கு இதைக் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம். ஆனால் சிலிக்கா தூசிக்கு நாடு முழுக்கச் செல்லும் கட்டாய வரம்பு எதையும் அவரால் கொண்டுவர முடியவில்லை. படமும் மாநாடும் கையேடும் மட்டுமே மிஞ்சின. நியூயார்க்கில் கதவுக்கும் படிக்கட்டுக்கும் கிடைத்த சட்ட பலம் சுரங்கத் தூசிக்குக் கிடைக்கவில்லை.

பதவிக் காலம் சுகமாகவும் இல்லை. துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை நாடு கடத்தவில்லை என்று 1939ல் அவரைப் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அது நிற்கவில்லை. 1945 வரை 12 ஆண்டுகள் அமைச்சராக இருந்தார். அந்தத் துறையில் அத்தனை காலம் இருந்தவர் இதுவரை வேறு யாரும் இல்லை.

கடைசி ஆண்டுகளில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொழில் உறவுகள் பாடம் எடுத்தார். எழுபது வயதைத் தாண்டியவர், மாணவர்கள் விடுதியிலேயே ஒரு அறையில் தங்கினார். 1961ல் டிரையாங்கிள் விபத்தின் 50ஆம் ஆண்டு நினைவுக் கூட்டத்துக்கு, அவர் ஓடிவந்து நின்ற அதே கட்டிடத்தின் முன் வந்தார். தப்பிப் பிழைத்த சில பெண்களும் பாட்டிகளாக வந்திருந்தார்கள். 1965 மே 14 அன்று பெர்கின்ஸ் நியூயார்க்கில் இறந்தார்.

அவர் போய் ஐந்து ஆண்டுகள் கழித்து, 1970 டிசம்பரில், அமெரிக்கா முழுமைக்குமான தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட்டார். அதன் கீழ் 1983ல் வந்த விதி, ஆபத்தான ரசாயனம் உள்ள வேலையில் ஒருவரை முதன்முதலாகப் போடும்போதே அதைப் பற்றி அவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது. முதல் நாளிலேயே. சேர்ந்தாலே சம்மதம் என்று சட்டம் சொன்ன இடத்தில் இருந்து இங்கே வர 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆஷ் கட்டிடம் இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வசம், பெயர் பிரவுன் கட்டிடம். 2023 அக்டோபரில் அதன் சுவரில் எஃகுத் தகடுகளால் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். 146 பேரின் பெயர்களும் அதில் இருக்கின்றன. பிழைத்தவர்களும் பார்த்தவர்களும் சொன்னவை அங்கே இங்கிலீஷ், இத்திஷ், இத்தாலியன் என மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளன.